மனைவிக்காகக் கணவர் போட்ட கையெழுத்து

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் சான் டியேகோவில் இருக்கிறோம். நான் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். மணலில் வண்டி ஓட்டும் ஒரு கிளப்பில் இரண்டு வருடமாக உறுப்பினர். சென்ற தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குப் பதினெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து தென்கிழக்குக் கலிபோர்னியாவில் உள்ள கிளாமிஸ் மணல்மேடுகளில் முகாம் போட்டோம். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நண்பர் ஒருவர் ஓட்டிய சைடு-பை-சைடு (பக்கம் பக்கமாக சீட் உள்ள மணல்) வண்டியில் என் மனைவி பக்கத்து சீட்டில் போனார். ஹெல்மெட், பெல்ட் இரண்டும் போட்டிருந்தார். ஒரு மேட்டின் உச்சியை நண்பர் வேகம் குறைக்காமல் நேராக ஏறித் தாண்ட, வண்டி பறந்து மறுபக்கம் மூக்குக் குத்தி விழுந்தது. அவருக்குச் சிராய்ப்புதான். என் மனைவிக்கு முதுகெலும்பு முறிந்துவிட்டது. ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள், அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு மாதமாக அவர் வேலைக்குப் போகவில்லை. நண்பர் சாப்பாட்டின்போது பீர் குடித்ததைப் பலரும் பார்த்தார்கள். கிளப் நிர்வாகி, "எல்லாரும் வேவர் படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க, ஒண்ணும் செய்ய முடியாது" என்கிறார். காயம் பட்டால் வழக்குப் போட மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கும் அந்தப் படிவத்தை எனக்கும் மனைவிக்கும் 11 வயது மகளுக்கும் சேர்த்து ஆன்லைனில் நான்தான் நிரப்பினேன். விபத்து வீடியோவை எல்லோரும் டிலீட் செய்துவிடுங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள். வழக்குப் போட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா? நண்பரைக் கோர்ட்டுக்கு இழுக்கவும் மனசு வரவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த வீடியோ. உங்கள் போனில் இருந்தால் இன்றே இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள். குழுவின் உரையாடலை முழுவதுமாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். தானாக அழியும் மெசேஜ் வசதி ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வழக்கில் ஆதாரமாகும் என்று தெரிந்தே ஒன்றை அழிப்பது கலிபோர்னியாவில் குற்றம். அது தெரியாமல் உங்கள் நிர்வாகி சொல்லியிருக்கலாம், அதற்காக அவரோடு குழுவில் சண்டைக்குப் போக வேண்டாம். வக்கீல் அமர்த்தியதும், வீடியோ, ஹெல்மெட் கேமரா பதிவு, வண்டியின் ஜிபிஎஸ் பதிவு எதையும் அழிக்கக் கூடாது என்று அவரே எல்லோருக்கும் கடிதம் அனுப்புவார்.

குழுவில் நண்பர் எழுதிய மெசேஜ்களையும் பத்திரமாக வையுங்கள். விபத்துக்குப் பிறகு ஒருவர் வருத்தம் தெரிவித்தால் அதை அவருக்கு எதிரான ஆதாரமாகக் கொண்டுவர முடியாது என்று கலிபோர்னியா சாட்சியச் சட்டத்தின் 1160-ஆவது பிரிவு சொல்கிறது. மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லப் பயப்படக் கூடாது என்பதற்காக வந்த நல்ல பிரிவு அது. ஆனால் பாதுகாப்பு வருத்தத்துக்கு மட்டும்தான். "ரொம்ப கஷ்டமா இருக்கு" என்ற வரி ஆதாரமாகாது. "பீர் குடிச்சிட்டு வேகமா வந்துட்டேன்" என்ற வரி ஆதாரமாகும்.

சரி, வேவருக்கு வருவோம். கலிபோர்னியாவில் இத்தகைய படிவங்கள் பெரும்பாலும் செல்லும். பொழுதுபோக்கு விளையாட்டுகளில் சாதாரண அலட்சியத்தால் நேரும் காயத்துக்கு வழக்குப் போடும் உரிமையை ஒருவர் முன்கூட்டியே விட்டுக்கொடுக்கலாம். ஆனால் படுமோசமான அலட்சியத்துக்கு எந்தப் படிவமும் கவசமாகாது. சான்டா பார்பரா நகராட்சி நடத்திய முகாமில் நீச்சல் குளத்தில் ஒரு சிறுமி இறந்த வழக்கில், 2007-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சிறுமியின் தாய் கையெழுத்திட்ட படிவம் அந்த வழக்கிலும் இருந்தது.

உங்கள் விஷயத்தில் அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் மனைவி கையெழுத்தே போடவில்லையே? பெற்றோர் போடும் கையெழுத்து பிள்ளையைக் கட்டும் என்று இங்குள்ள நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆகவே மகளின் பெயரில் நீங்கள் போட்டது செல்லுபடியாகும். மனைவி வயது வந்தவர். கணவர் என்ற ஒரே காரணத்தால் அவருடைய உரிமையை நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாது. கல்யாண உறவு யாருக்கும் தானாக அந்த அதிகாரத்தைத் தருவதில்லை. "எனக்கும் சேர்த்துப் போட்டுடுங்க" என்று அவர் சொல்லியிருந்தால், அவர் சார்பாகத்தான் நீங்கள் போட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அப்படி ஏதும் சொன்னாரா, மெசேஜ் ஏதும் இருக்கிறதா, அந்தப் படிவத்தை அவர் எப்போதாவது பார்த்தாரா என்று இப்போதே நினைவுபடுத்திப் பாருங்கள். அப்புறம், படிவம் யார் யாரைக் காப்பாற்றுகிறது என்றும் வாசியுங்கள். கிளப்பையும் நிர்வாகிகளையும் மட்டும் சொல்கிறதா, ‘சக உறுப்பினர்கள்’ என்றும் சொல்கிறதா? பல படிவங்களில் அந்தச் சொல் இருக்காது. இல்லையென்றால் வண்டி ஓட்டியவருக்கு அதனால் பாதுகாப்பும் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் உங்கள் கையெழுத்து உங்களையே தடுக்கலாம். மனைவி காயப்பட்டதால் இல்லறத் துணையை இழந்ததற்குக் கணவரும் தனியாக இழப்பீடு கேட்க கலிபோர்னியாவில் இடமுண்டு. அது உங்கள் சொந்தக் கோரிக்கை என்பதால் நீங்கள் போட்ட படிவம் அதற்குக் குறுக்கே நிற்கக்கூடும்.

படிவத்தைவிடப் பெரிய தடை வேறொன்று. சட்டம் இதை ‘ஆபத்தை ஏற்றுக்கொண்டு இறங்கியது’ என்கிறது. 1992-ல் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சூப்பர் பவுல் ஆட்டத்தின் இடைவேளையில் நண்பர்கள் வீட்டுப் பக்கத்தில் டச் ஃபுட்பால் (அமெரிக்கக் கால்பந்தின் மென்மையான வடிவம்) ஆடினார்கள். அதில் ஒரு பெண்ணின் கை மிதிபட்டு, கடைசியில் ஒரு விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. விளையாட்டோடு கூடப் பிறந்த ஆபத்துக்குச் சக ஆட்டக்காரர் பொறுப்பாக மாட்டார், வேண்டுமென்றே காயப்படுத்தினாலோ விளையாட்டின் எல்லையையே மீறும் அளவுக்குத் துணிந்து நடந்தாலோதான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. இந்த விதி மணலுக்கும் பொருந்தும் என்று 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கிளாமிஸுக்கு மேற்கே உள்ள ஒக்கொட்டியோ வெல்ஸில், மறுபக்கம் தெரியாத ஒரு மேட்டின் உச்சியில் மோட்டார் சைக்கிளும் டியூன் பக்கி என்ற மணல் வண்டியும் எதிரெதிரே மோதிக்கொண்ட வழக்கு அது. காயப்பட்டவர் தோற்றார். உங்கள் நண்பரின் காப்பீட்டு வக்கீல் முதலில் நீட்டப்போவது அந்தத் தீர்ப்பைத்தான்.

ஆனால் அங்கே காயப்பட்டவர் தானே ஓட்டினார். உங்கள் மனைவி பக்கத்து சீட்டில் இருந்தவர். பயணி விஷயத்தில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் உண்டு. அதே 2001-ல், ஏரியில் படகில் சும்மா உட்கார்ந்து போன ஒரு சிறுமியின் வழக்கில், அது விளையாட்டே அல்ல, இந்த விதி பொருந்தாது என்றது நீதிமன்றம். 2007-ல் ஜெட் ஸ்கியின் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் இறந்த வழக்கில், பயணியும் அந்த விளையாட்டில் பங்கெடுத்தவர்தான் என்று வேறு விதமாகத் தீர்ப்பானது. ஆகவே உங்கள் மனைவி எதற்காக அந்த வண்டியில் ஏறினார் என்பது முக்கியம். துள்ளல் அனுபவத்துக்காகவா, முகாமிலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேரவா? இந்தக் கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும், அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லக் கூடாது.

எந்தப் பக்கம் முடிவானாலும் வழக்கின் கனம் அந்த உச்சியில்தான் இருக்கிறது. காற்று வரும் பக்கம் மணல் சாய்வாக, ஏறுவதற்குச் சுகமாக இருக்கும். உச்சியைத் தாண்டினால் மறுபக்கம் ஏறத்தாழ 34 டிகிரி சரிவு. மதிய வெயிலில் நிழல் விழாது என்பதால் உச்சி எங்கே முடிகிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் மணலில் ஓட்டப் பழகும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்: உச்சிக்கு முன் வேகத்தைக் குறை, விளிம்போடு பக்கவாட்டில் திரும்பு, எட்டிப் பார்த்துவிட்டு இறங்கு. தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் அந்த மணல்மேடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுவார்கள். மறுபக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. எட்டடி உயரக் கொடிக்கம்பு இல்லாமல் அங்கே ஓட்டக் கூடாது என்று விதி வைத்திருப்பதே உச்சிக்கு அப்பால் இருப்பவர் கண்ணில் படட்டும் என்றுதான். இவ்வளவு தெரிந்த கிளப்பில் ஓட்டியவர் வேகம் குறைக்காமல் நேராகத் தாண்டியது கணக்குப் பிசகா, துணிந்த பொறுப்பின்மையா? வீடியோவைப் பார்த்து ஒரு நிபுணர்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அது இவ்வளவு முக்கியம் என்பதால்தான் முதல் வரியிலேயே அதைப் பிடித்தேன்.

பீர் இங்கேதான் வருகிறது. குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுக்கும் சட்டம் மணலிலும் அதேதான், தார்ச்சாலைக்கு மட்டும் உரியது அல்ல. 1994-ல் பனிச்சறுக்கில் ஒருவர் குடித்துவிட்டு மோதிய வழக்கில், குடி அந்த விளையாட்டின் பகுதி அல்ல, அது ஆபத்தைக் கூட்டுகிறது, அதை யாரும் ஏற்றுக்கொண்டு இறங்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் மனைவிக்குக் கைகொடுக்கக்கூடிய தீர்ப்பு இது. எத்தனை பீர், எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள் என்பதை உங்கள் நினைவு மங்குமுன் எழுதி வையுங்கள். சாப்பாட்டு நேரத்துப் போட்டோக்களில் நேரம் பதிவாகியிருக்கும். ரேஞ்சரோ ஷெரிஃபோ அங்கே வந்திருந்தால் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அவர் குடித்ததைத் தெரிந்தே உங்கள் மனைவி ஏறியிருந்தால், அந்த அளவுக்கு அவர் மீதும் பங்கு போட்டு இழப்பீட்டைக் குறைப்பார்கள். குறைப்பார்களே தவிர மறுக்க மாட்டார்கள்.

பீர் வாங்கி வந்தவர் மீது கோபப்பட வேண்டாம். வயது வந்த விருந்தினருக்கு மது கொடுத்தவரைக் கலிபோர்னியா சட்டம் பொறுப்பாக்குவதில்லை. லாபநோக்கில்லாத கிளப் என்றால் உறுப்பினர் என்பதற்காக மட்டும் யாரும் அதன் கடனுக்குப் பொறுப்பாக மாட்டார்கள், ஆகவே மற்றக் குடும்பங்கள் பயப்படவும் வேண்டாம். அந்த மணல்மேடுகள் மத்திய அரசின் நிலம் என்றாலும் அரசைக் கட்சியாகச் சேர்ப்பதில் பிரயோஜனம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கிளப் தனியாகக் காப்பீடு எடுத்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

நண்பரை இழுக்க மனசு வரவில்லை என்கிறீர்கள். புரிகிறது. நடைமுறையில் முதலில் பேசப்போவது அவருடைய காப்பீட்டு நிறுவனத்தோடுதான். ஆனால் எந்தக் காப்பீடு என்று பார்க்க வேண்டும். சாதாரணக் கார் காப்பீடு இத்தகைய வண்டிக்கு வழக்கமாகப் பொருந்தாது. வீட்டுக் காப்பீடும் வீட்டு எல்லைக்கு வெளியே நடக்கும் இத்தகைய வண்டி விபத்துக்கு வழக்கமாக உதவாது. அந்த வண்டிக்கென்று தனி பாலிசி இருக்கிறதா, அதில் கூட வரும் பயணிக்கான பாதுகாப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பலர் செலவை மிச்சம் பிடிக்க விட்டுவிடும் இடம் அது. இதற்கிடையில் அந்த நிறுவனத்திலிருந்து யாராவது போன் செய்து, "ஒரு சின்ன ஸ்டேட்மென்ட், ரெக்கார்ட் பண்ணிக்கிறோம்" என்றால் மறுத்துவிடுங்கள்.

ஹெலிகாப்டர் பில்லுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். உங்கள் மனைவிக்கு வேலை வழியான மருத்துவக் காப்பீடு இருந்தால், 2022 முதல் நடப்பிலுள்ள மத்தியச் சட்டப்படி, நெட்வொர்க்கில் இல்லாத ஏர் ஆம்புலன்ஸ் நிறுவனமும் உங்கள் பங்குக்கு மேல் மிச்சத்தை உங்களிடம் கேட்க முடியாது. நாளை இழப்பீடு வந்தால் அதிலிருந்து மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் தன் செலவைத் திருப்பிக் கேட்கும். தொகை பேசும்போதே அதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

விசா விஷயத்தில் நிம்மதியாக இருங்கள். இழப்பீட்டு வழக்குத் தொடுப்பதால் உங்கள் எச்-1பிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. காயத்துக்கான சிவில் வழக்கில் குடியேற்ற நிலையை ஆதாரமாகக் கொண்டுவரவே கூடாது என்று கலிபோர்னியாவில் சட்டம் இருக்கிறது.

நண்பரும் விசாவில் இருப்பவர் என்றால் அவருடைய பயம் வேறு. குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானால் அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்வதுண்டு. இதை நினைத்து யாராவது உங்களிடம், "போலீஸுக்குப் போவேன்னு சொல்லு, பணம் தானா வரும்" என்று யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். குற்றப் புகாரைக் காட்டிப் பணம் கேட்பது மிரட்டிப் பறிக்கும் குற்றமாகிவிடும், அப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்பது நீங்களாக இருப்பீர்கள். புகார் வேறு, இழப்பீடு வேறு. இரண்டையும் ஒரே மெசேஜில் எழுதவே எழுதாதீர்கள்.

வழக்குத் தொடுக்க விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் இருக்கிறது. கிளப்போடு சமாதானம் பேசிக்கொண்டிருந்தாலும் அந்தக் கெடு நகராது. காயவழக்கு வக்கீல்கள் பெரும்பாலும் ஜெயித்தால் மட்டும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். கிளப் என்ன சொல்கிறது, நண்பர் என்ன ஆவார், உங்கள் விசா என்ன ஆகும் எல்லாம் இருக்கிறது. உங்கள் மனைவிக்கு என்ன வேண்டும் என்று மட்டும் இல்லை. முறிந்தது அவருடைய முதுகு, இழந்தது அவருடைய சம்பளம். வழக்கும் சட்டப்படி அவருடையது. போடுவதா, காப்பீட்டோடு பேசி முடிப்பதா, நண்பரை மன்னித்து விட்டுவிடுவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வக்கீலுக்கு முதல் போனை அவரே செய்யட்டும். இந்த முறை அவர் பெயருக்கு நேரே அவர் கையெழுத்தே இருக்கட்டும்.