முனை உள்ள தோட்டாவும் முணுமுணுக்கும் கருவியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: யுத்த காலத்தில் பட்டாளம் தங்கியதாகப் பெரியவர்கள் சொல்லும் பொட்டலில் கருவேல மரத்தைத் தூரோடு பிடுங்கியபோது பச்சை பிடித்த பித்தளைத் தோட்டாக்கள் கிடைத்தன. சில வெறும் கூடு. ஒன்றில் முனை அப்படியே இருக்கிறது. வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? (உச்சிப்புளி வாசகர்)

முனை உள்ளதை இனி யாரும் தொட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் திரும்ப எடுத்துப்போய் வீசவும் வேண்டாம். இருக்கும் இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை விலக்கிவிட்டு 100 அல்லது 112க்குச் சொல்லுங்கள்.

'எண்பது வருஷம் உப்பு மண்ணில் கிடந்தது, மருந்து நமத்திருக்கும்' என்ற நம்பிக்கைதான் ஆபத்து. கூட்டின் வாயும் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான கேப்பும் ஈரம் புகாமல் அரக்குப் பூசி அடைக்கப்பட்டவை. வாளித் தண்ணீரில் ஊறப்போட்டாலும் செத்துப்போகாது. குறடால் முனையைத் திருகுவது, கல்லில் தட்டுவது, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவது மூன்றும் கூடாது.

வெற்றுக் கூட்டின் அடியைப் பாருங்கள். நடுவில் சிறு பள்ளம் இருந்தால் சுட்டுத் தீர்ந்தது. முனையும் இருந்து பள்ளமும் இருந்தால், துப்பாக்கியின் ஊசி அடித்தும் வெடிக்காமல் போனது. அதை இன்னும் தள்ளியே வையுங்கள். கூடு ஏறக்குறைய 56 மில்லிமீட்டர் நீளமும் அடியில் விளிம்பும் கொண்டிருந்தால், பிரிட்டிஷ் இந்தியப் படையின் பாயின்ட் 303 துப்பாக்கிக்கு உரியதாக இருக்கலாம். 'கே', 'எஃப்' என்ற ஆங்கில எழுத்துகள் புனே அருகிலுள்ள கிர்க்கி தொழிற்சாலையின் முத்திரை. 42, 43 போன்ற இரண்டு இலக்கம் ஆண்டு.

ஆனால் இந்தக் கரையில் மண்ணுக்குள் கிடப்பதெல்லாம் உலகப்போர்க் காலத்தது அல்ல. 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் வந்தன. அவை 1980களில் ஈழப் போராளிகள் புதைத்தவை. அதேபோல மண்டபம் கேம்ப் என்ற பெயரில் உள்ள 'கேம்ப்', இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைத் தனிமைப்படுத்தி வைத்த முகாம். அங்கே கிடைக்கும் பித்தளைப் பொத்தானெல்லாம் சிப்பாய்ச் சட்டையில் இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சட்டத்துக்கு வருவோம். உயிருள்ள தோட்டாவை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். மற்றவற்றுக்கு 1878 புதையல் சட்டம் இருக்கிறது: மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே, எங்கே எப்போது கிடைத்தது என்று ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1972 தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு ஆண்டு தாண்டியவற்றுக்கு. உங்கள் கூடுகளுக்கு இன்னும் வயது வரவில்லை.

கேள்வி: உலோகம் கண்டறியும் கருவி வீட்டு வாசலில் ஒழுங்காக வேலை செய்கிறது. கடற்கரைக்குப் போனால் ஓயாமல் கத்துகிறது. பழுதா? (மண்டபம் வாசகர்)

பழுதில்லை. உப்புநீர் ஊறிய மணல் மின்சாரத்தைக் கடத்தும். சாதாரணக் கருவி அதையே உலோகமாக நினைத்துக்கொள்ளும். அலை ஒதுக்கிய கறுப்பு மணல் பட்டையிலும் இதே கூத்துதான். அலை ஏறாத காய்ந்த மணலுக்குப் போய், உலோகம் இல்லாத இடத்தில் கருவியின் அடி வளையத்தை ஒரு சாணுக்கும் இரண்டு விரலுக்கும் இடையே மேலும் கீழும் அசைத்து மண்ணுக்கு ஏற்பச் சரிசெய்யுங்கள். பிறகு முணுமுணுப்பு நிற்கும்வரை உணர்திறனைக் குறையுங்கள். ஆழம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

சத்தம் வந்த இடத்தின் நேர்மேலே கடப்பாரை போடாதீர்கள். அரை அடி தள்ளி ஆரம்பித்து, மரக்கரண்டியால் பக்கவாட்டில் சுரண்டி வாருங்கள். உருண்டையாக, வளைவாகத் துருப்பிடித்த இரும்பு தெரிந்தால் அதோடு நிறுத்தி, வந்த வழியே திரும்பி போலீஸுக்குச் சொல்லுங்கள். பொறம்போக்கோ பட்டாவோ, அனுமதி இல்லாமல் தோண்ட முடியாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இந்த ஆசையே வேண்டாம். தனுஷ்கோடிப் பக்கம் 1964 டிசம்பர் புயல் மணலையே இடம் மாற்றிவிட்டது. மேலே கிடக்கும் பொருள் அங்கேதான் விழுந்தது என்று சொல்ல வழியில்லை.

கேள்வி: பித்தளைப் பொத்தானைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? (தொண்டி வாசகர்)

குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு வேண்டாம். பச்சையோடு சேர்ந்து முத்திரையும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் போட்டு, தினம் நீரை மாற்றி, மூன்று நான்கு வாரம் வைத்து உப்பை இறக்குங்கள். நன்றாக உலர்த்திய பின் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். வெளிர்பச்சைப் பொடி மறுபடி உதிர்ந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. திரும்பவும் நீரில் போடுங்கள்.