நோட்டரி நகல்: வாசகர் கேள்விகள்

மகன் கத்தாரில் வேலை பார்க்கிறான். டிகிரி சர்டிபிகேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். பிரிண்ட் எடுத்து நோட்டரியிடம் சீல் வாங்கலாமா? (மார்த்தாண்டம்)

முடியாது. ‘உண்மை நகல்’ என்று நோட்டரி எழுதினால், அசலையும் நகலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று பொருள். அசல் இல்லாமல் எதை ஒப்பிடுவார்? பார்க்காமலே சீல் போட்டுத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். சிக்கல் வந்தால் மாட்டுவது நீங்கள்தான்.

இன்னொன்று, அசலே போலியாக இருந்தால் அந்தச் சீல் அதை நல்லதாக்கிவிடாது.

நோட்டரி நகல் வளைகுடாவில் செல்லுமா? (குளச்சல்)

பெரும்பாலும் போதாது. ஓமன், பஹ்ரைன், சவுதி மூன்றும் அப்போஸ்டில் (தூதரக முத்திரை இல்லாமலே செல்லும் வெளியுறவுத் துறைச் சான்று) ஏற்கும் நாடுகள். கத்தாரும் குவைத்தும் அப்படியில்லை. அந்த இரண்டுக்கும் மாநில அரசு, வெளியுறவுத் துறை, தூதரகம் என்று வரிசையாக முத்திரை வேண்டும். டிகிரிக்கு இதெல்லாம் வழக்கமாக அசலின் மேலேயே விழும். லேமினேட் செய்திருந்தால் முத்திரை எங்கே குத்துவது? தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள்.

தாத்தா காலத்துப் பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது. நோட்டரி நகல் எடுத்து வைத்தால் போதுமா? (தக்கலை)

1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் பக்கம்தானே, அதனால் இந்தக் கேள்வி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வந்துகொண்டே இருக்கிறது. பதிவான பத்திரம் என்றால் முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். பதிவுச் சட்டம் 57ஆம் பிரிவுப்படி, அசலில் என்ன எழுதியிருந்தது என்று நிரூபிக்க அது கோர்ட்டில் செல்லும். நோட்டரி நகலுக்கு அந்தப் பலம் கிடையாது.

நோட்டரியிடம் வேறொரு வேலைக்குப் போகலாம். மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துச் சான்றளிக்கவும் 1952ஆம் ஆண்டு நோட்டரிச் சட்டம் அவருக்கு அதிகாரம் தருகிறது. பழைய மலையாளக் கையெழுத்து தெரிந்தவரைப் பிடியுங்கள். சர்வே எண்ணில் ஓர் எழுத்து மாறினால் பக்கத்து வீட்டுக்காரரோடு வழக்குதான்.

சரியான சீல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? (பூதப்பாண்டி)

வட்ட முத்திரையில் அவர் பெயர், தொழில் செய்யும் எல்லை, பதிவு எண் இருக்க வேண்டும். அப்புறம் தேதியும் கையெழுத்தும். அவருடைய பதிவேட்டில் ஏற்றினாரா என்றும் கேளுங்கள். அந்த வரிசை எண்ணை நகலில் எழுதி வாங்குவது நல்லது.