பாடநூலுக்கு உதவித்தொகை கிடைக்குமா? கல்லூரிக் கடையில்தான் வாங்க வேண்டுமா?

கேள்வி: நியூயார்க் குயின்ஸில் வசிக்கிறோம். என் மகன் நகரப் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்திருக்கிறான். டேப், பெல் ஆகிய இரண்டு உதவித்தொகைகளும் வந்துள்ளன. அவை பாடநூலுக்கும் உதவுமா? நூல்களைக் கல்லூரிக் கடையில்தான் வாங்க வேண்டுமா? சென்னையில் கிடைக்கும் இந்தியப் பதிப்பை வரவழைக்கலாமா?

பதில்: நகரப் பல்கலைக்கழகம் என்பதால் நூல்களையும் நகரமே கொடுத்துவிடும் என்று பலர் நம்பி வருகிறார்கள். 1976 வரை கட்டணமின்றி நடந்த பல்கலைக்கழகம் அது; நகரத்தின் நிதி நெருக்கடிக்குப் பின் அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று இரண்டாண்டுக் கல்லூரிகள் நகரப் பணம், மாநிலப் பணம், மாணவர் கட்டணம் ஆகிய மூன்றையும் கொண்டு நடக்கின்றன. மாநிலத்தின் டேப் உதவி கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே. புத்தகம் இல்லாமல் கட்டணம் மட்டும் கட்டி என்ன படிப்பது என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கூட்டாட்சி அரசின் பெல் உதவியில் கட்டணம் போக மீதி இருந்தால் அது நூலுக்கு ஆகும். அப்படி மீதி வரவேண்டிய மாணவருக்குப் பருவம் தொடங்கிய ஏழாம் நாளுக்குள் நூல் பெற வழி செய்வது கல்லூரியின் கடமை. முதல் வாரத்திலேயே நிதியுதவி அலுவலகத்தில் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். உதவிக்கான விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறேன் என்று பணம் கேட்கும் முகவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்த விண்ணப்பம் இலவசம்.

கல்லூரிக் கடையில்தான் வாங்க வேண்டும் என்ற விதி இல்லை. 2010 ஜூலை முதல், நூலின் ஐ.எஸ்.பி.என். எண்ணையும் (பதிப்பை அடையாளம் காட்டும் எண்) விலையையும் பாட அட்டவணையில் இயன்றவரை கல்லூரி வெளியிட வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். அந்த எண்ணை வைத்து எங்கும் விலை ஒப்பிடலாம். உறையிட்டுக் கட்டாக விற்கும் நூலையும் இணைப்புகளையும் பதிப்பாளர் தனித்தனியாகவும் விற்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். ஆகவே 'கட்டாகத்தான் கிடைக்கும்' என்ற பேச்சை நம்பாதீர்கள்.

பழைய நூல் வாங்கும்போது ஆசிரியர் இணையப் பயிற்சிக்கான ஆக்சஸ் கோடு (நூலோடு வரும், ஒருவர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய நுழைவு எண்) கேட்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். பின்னட்டையின் உட்புறத்தில் அந்தக் கோடை மறைக்கும் சாம்பல் நிறப் பூச்சு சுரண்டப்பட்டிருந்த பிரதியை 'புதிதுபோல்' என்ற பெயரில் எண்பது டாலருக்கு வாங்கிவந்து என் மேசைமேல் வைத்த ஒரு தகப்பனாரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் கோடு வேறொருவர் பயன்படுத்தி முடித்தது. மகனுக்காகப் புதிய கோடு தனியாக வாங்க வேண்டியதாயிற்று.

இந்தியப் பதிப்பை வரவழைத்துப் படிக்கலாம். தாய்லாந்திலிருந்து வந்து படித்த மாணவர் ஒருவர் அங்கிருந்து வரவழைத்த மலிவுப் பதிப்புகளை இங்கே விற்ற வழக்கில், முறையாக அச்சாகி விற்கப்பட்ட பிரதியை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்று 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இந்த உரிமை முறையான பிரதிக்கு மட்டுமே உண்டு. நடைபாதையில் கிடைக்கும் திருட்டு அச்சுக்கும் ஒளிநகலுக்கும் கிடையாது. முறையான பதிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு: அத்தியாய முடிவிலுள்ள கணக்குகளின் வரிசை சில நேரம் மாறியிருக்கும். பன்னிரண்டாம் கணக்கைச் செய்து வா என்றால், உங்கள் மகன் இரவெல்லாம் உட்கார்ந்து வேறொரு கணக்கைச் செய்துகொண்டு போவான். முதல் அத்தியாயக் கணக்குகளைக் கல்லூரி நூலகப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே பணம் அனுப்புங்கள்.

நியூயார்க்கில் வாங்கும்போது மாணவர் அடையாள அட்டையையும் பாடநூல் பட்டியலையும் காட்டச் சொல்லுங்கள். பாடத்துக்கு வேண்டிய நூலுக்கு விற்பனை வரி இல்லை. நகரத்தில் அது 8.875 சதவீதம்.