அம்மாவின் 75 ஆவது பிறந்தநாளும் புதிய ஐந்து நட்சத்திர ஹோட்டலும்

கேள்வி: டர்பன் நகர மையத்தில் புதிதாக ஓர் ஐந்து நட்சத்திர ஹோட்டல் திறந்திருக்கிறார்கள். "ஓர் இரவு 3,250 ராண்டிலிருந்து" என்று சலுகை விளம்பரம் வருகிறது. ஜூலை முதல் வாரத்தில் அம்மாவுக்கு 75 வயது நிறைகிறது. அப்பா காலமெல்லாம் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வெயிட்டராக இருந்தவர். அம்மா அங்கே ஒருநாள்கூட விருந்தாளியாகப் போனதில்லை. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா ஐவரும் மூன்று இரவு தங்கலாம் என்கிறார் என் கணவர். போனஸ் 18,000 ராண்ட் கையில் இருக்கிறது; கிரெடிட் கார்டில் 28,000 ராண்ட் பாக்கி. இதற்கிடையே ஹோட்டலிலிருந்து தொலைபேசியில் அழைத்து, 24,000 ராண்ட் கட்டி உறுப்பினரானால் மூன்று ஆண்டுகளில் பத்து இரவுகள் தங்கலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: சகோதரி, அம்மாவை அழைத்துப் போங்கள். இதை ஆடம்பரம் என்று நான் கழிக்க மாட்டேன். தென்னாப்பிரிக்காவில் பொது இடங்களை நிறம் பார்த்துப் பிரித்த 1953 ஆம் ஆண்டுச் சட்டம் 1990 இல்தான் நீக்கப்பட்டது. டர்பன் ஹோட்டல்களில் தட்டு ஏந்திய நம் இந்தியர்களில் பலர் அங்கே ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அந்தக் கணக்கை வட்டி விகிதத்தால் அளக்க முடியாது. ஆனால் ஐவர், மூன்று இரவு என்ற திட்டத்தை அளக்க முடியும்; அளந்தால் அது தேறவில்லை.

முதலில் அந்த 3,250. நம் நாட்டு ஹோட்டல்கள் பெரும்பாலும் ஓர் அறையை இருவர் பகிர்ந்துகொள்வதாக வைத்து, ஒரு தலைக்கு விலை சொல்கின்றன. விளம்பரத்தின் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். அப்படி இருந்தால் ஓர் அறை 6,500 ராண்ட். ஐவருக்கு இரண்டு அறைகள் வேண்டும். இரவுக்கு 13,000, மூன்று இரவுக்கு 39,000. உங்கள் கணவர் ஒருவேளை 9,750 என்று மனக்கணக்குப் போட்டிருப்பார். பிள்ளைகளுக்குச் சலுகை கிடைத்தால் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

போனஸ் போக மீதி 21,000 ராண்டைக் கார்டில் தேய்த்தால் என்ன ஆகும்? ஆண்டு வட்டி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 ராண்ட் கட்டினால் அடைபட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வட்டி மட்டும் ஏறத்தாழ 5,000 ராண்ட். ஏற்கெனவே உள்ள 28,000 ராண்ட் பாக்கி இதில் சேரவில்லை. அம்மாவின் 77 ஆவது பிறந்தநாளுக்கும் நீங்கள் 75 ஆவது பிறந்தநாளின் அறை வாடகையைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

என் யோசனை இது: ஓர் அறை, ஓர் இரவு, நீங்களும் அம்மாவும் மட்டும். கணவரும் பிள்ளைகளும் மாலைத் தேநீருக்கு வந்து கேக் வெட்டிவிட்டு வீட்டுக்குப் போகட்டும். சாட்ஸ்வர்த் ஒன்றும் தொலைவில் இல்லை. அறைக்கு 6,500. பில்லில் சுற்றுலா வளர்ச்சிக்கென்று பல ஹோட்டல்கள் 1 சதவீதம் சேர்க்கின்றன, அது 65. சொல்லும் விலையிலேயே 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி (வாட்) அடங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம்; தனியாகக் கேட்டால் தர வேண்டாம். தேநீர், இரவு உணவு, கார் நிறுத்தம், டிப்ஸ் எல்லாம் சேர்த்து 10,000 ராண்டுக்குள் முடித்துக்கொள்ளலாம். மீதி 8,000 ராண்டை அதே வாரம் கார்டுக் கடனில் கட்டுங்கள். 20 சதவீத வட்டியில் அது ஆண்டுக்கு 1,600 ராண்ட் மிச்சம். 32 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பணம் எடுக்கும் எந்த வங்கியின் சேமிப்புக் கணக்கும் உங்களுக்கு இந்த அளவு தராது.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூலை முதல் சனிக்கிழமை கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம். அந்த வார இறுதியில் நகரமெங்கும் அறை விலை ஏறும். "3,250 ராண்டிலிருந்து" என்பதில் உள்ள "இருந்து" அப்போது வேலையைக் காட்டும். சாதாரண நாட்களில் நகர மைய ஹோட்டல்கள் அலுவலகப் பயணிகளை நம்பி நடப்பவை. அவர்கள் ஊர் திரும்பிய பின் வெள்ளி முதல் ஞாயிறு வரை விலை இறங்குவதுண்டு. பிறந்தநாளை ஓரிரு வாரம் தள்ளிக் கொண்டாடினால் அம்மா கோபிக்க மாட்டார்.

புதிய ஹோட்டல் என்பதால் நீச்சல் குளம், லிஃப்ட், உணவகம் எல்லாம் இயங்குகின்றனவா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பா இன்னும் திறக்கவில்லை என்றால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம். வந்து சேரும்போது எதிர்பாராச் செலவுக்கென்று ஒரு தொகையை உங்கள் கார்டில் முடக்கி வைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் கணக்கிலுள்ள உண்மையான பணமே சில நாள் முடங்கும். கிரெடிட் கார்டை நீட்ட நான் சொல்லும் ஒரே இடம் இதுதான். பில்லைப் போனஸ் பணத்தில் தீர்த்துவிடுங்கள்.

"பணம் திரும்பக் கிடைக்காது" என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். 2008 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17 ஆவது பிரிவு முன்பதிவை ரத்து செய்யும் உரிமையைத் தருகிறது. ஹோட்டல் நியாயமான அளவு கட்டணம் பிடிக்கலாம். நீங்கள் எவ்வளவு முன்னதாகச் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். யாருக்காகப் பதிவு செய்தீர்களோ அவர் மருத்துவமனையில் சேர்ந்தால் கட்டணமே பிடிக்கக் கூடாது. 75 வயதுக்காரருக்கு அறை எடுக்கும்போது இது சின்ன விஷயம் அல்ல.

உறுப்பினர் திட்டம் வேண்டாம். ஓர் இரவு 2,400 ராண்ட் என்று தோன்றும். மூன்று ஆண்டுகளில் நீங்கள் நான்கு இரவுதான் போனீர்கள் என்றால் ஓர் இரவு 6,000. டிசம்பர், ஈஸ்டர், டர்பன் ஜூலை நாட்களில் இடம் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும். இதற்குள் தொலைபேசியில் சரி சொல்லிவிட்டீர்களா? அப்படியானால், அவர்களாகவே உங்களை அழைத்து விற்றதால், சட்டப்படி இது நேரடி விற்பனை. அதே சட்டத்தின் 16 ஆவது பிரிவின்படி ஐந்து வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். வாய்மொழியாகச் சொன்னால் போதாது, இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.