சிறப்புப் பட்டம்: வந்த கடிதங்களும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்பஸ் பிள்ளைகளுடையவை. சிறப்புக் கற்கைக்கு (மூன்று வருசப் பொதுப் பட்டத்துக்குப் பதிலாக, ஒரு பாடத்தை ஆழமாகப் படிக்கும் நான்கு வருசப் பட்டம்) விண்ணப்பம் கோருகிற காலம் என்றால் இப்படித்தான். வழக்கமாகச் சொல்வதையே மறுபடி சொல்கிறேன்: பீடம், பச் (எந்த ஆண்டு அணி), இப்போது எத்தனையாம் ஆண்டு என்ற மூன்றும் இல்லாமல் வரும் கடிதத்துக்கு என்னால் உருப்படியாகப் பதில் எழுத முடியாது.

கலைப்பீடம், முதலாம் ஆண்டு. சிறப்புக்கு எடுக்கும்போது ஏ.எல். இஸற் ஸ்கோரையும் (உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்காகக் கணிக்கும் புள்ளி) பார்ப்பார்களா? (கோண்டாவில்)

இல்லை. அனுமதி கிடைத்ததோடு இஸற் ஸ்கோரின் வேலை முடிந்துவிட்டது. கலையில் பொதுவாக முதலாம் ஆண்டுப் பெறுபேற்றையும், விஞ்ஞானத்தில் முதல் இரண்டு ஆண்டுப் பெறுபேற்றையும் வைத்துத் தெரிவு நடக்கும். நீங்கள் கேட்கும் பாடத்தில் எடுத்த தரமும் பார்க்கப்படும், மொத்தப் பெறுபேறும் பார்க்கப்படும். பொறியியல், விவசாயப் பிள்ளைகளுக்கு இந்தத் தெரிவே கிடையாது, அவர்கள் நுழைவதே நான்கு வருசச் சிறப்புப் பட்டத்துக்குத்தான். துல்லியமான நிபந்தனை உங்கள் பச்சுக்குரிய கைநூலில் இருக்கிறது. அக்காவின் கைநூலைப் பார்க்க வேண்டாம். பாடத்திட்டம் திருத்தப்படும்போது நிபந்தனையும் மாறிவிடும்.

'ஸ்பெஷல்' வேறு, 'ஹொனர்ஸ்' வேறு என்று ஒரு சீனியர் அண்ணா சொல்கிறார். (உரும்பிராய்)

ஒன்றேதான். முன்பு ஸ்பெஷல் என்றோம். பட்டங்களை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகம் வந்தபிறகு சான்றிதழில் ஹொனர்ஸ் என்று வருகிறது. 90 கிறெடிற் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) கொண்ட பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 120 கிறெடிற் கொண்ட சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பெரியவர்களுக்கு மேடையில் கொடுக்கும் கௌரவப் பட்டத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இரண்டு வருசம் முடிந்தது, ஜி.பி.ஏ. (தரப்புள்ளிச் சராசரி, உச்சம் 4.0) 3.4. கடைசி இரண்டு வருசமும் கடுமையாகப் படித்தால் ஃபெஸ்ற் கிளாஸ் வருமா? (நெல்லியடி)

கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதலாம் வகுப்புக்குப் பொதுவாக 3.7 வேண்டும். 60 கிறெடிற்றை 3.4இல் முடித்தவர் 120இல் 3.7ஐத் தொட, மிச்சம் 60இலும் 4.0 எடுக்க வேண்டும். அதாவது ஒரு பாடத்தில்கூட ஏ-க்குக் கீழே போகக் கூடாது. நடக்காது என்று சொல்லமாட்டேன், ஆனால் அதை நம்பி உடம்பைக் கெடுக்காதீர்கள். 3.3 கேட்கும் செக்கன்ட் அப்பர் (இரண்டாம் வகுப்பு மேல்நிலை) உங்கள் கைக்குள் இருக்கிறது. அதை விடாமல் பிடியுங்கள். இன்னொன்று: ரிப்பீற் (மறுபடி) எழுதும் பாடத்துக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெரும்பாலான பீடங்களில் சி-க்கு மேல் தருவதில்லை. பெறுபேற்றைக் கூட்ட ரிப்பீற் எழுதலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சில பீடங்களில் எல்லா ஆண்டும் ஒரே நிறையில் கணக்கில் சேர்வதில்லை. அதற்கும் கைநூல்தான்.

மகளுக்குச் சிறப்புக் கிடைத்துள்ளது. மூன்று வருசத்தோடு வெளியே வந்தால் வேலைக்கு முந்தலாம், நாலாவது வருசம் வீண் என்று அவளின் மாமா சொல்கிறார். (சாவகச்சேரி)

ஐயா, உங்கள் கடிதத்தில் மாமா சொன்னது பத்து வரி இருக்கிறது. மகள் சொன்னது ஒரு வரிகூட இல்லை. முதலில் அவரைக் கேளுங்கள். பட்டதாரி நியமனங்கள் பலவற்றுக்கு மூன்று வருசப் பட்டமே போதும், அது உண்மை. ஆனால் விரிவுரையாளராக வேண்டும், ஆய்வுக்குப் போக வேண்டும் என்றால் நல்ல வகுப்போடு கூடிய சிறப்புப் பட்டம் இல்லாமல் வாசலே திறப்பது கஷ்டம். பிறகு சுற்றி வந்து அந்த வாசலைத் திறக்க ஒரு வருசம் அல்ல, இரண்டு மூன்று வருசம் போகும். வீட்டில் உண்மையாகவே ஒரு சம்பளம் உடனடியாகத் தேவை என்றால் பொதுப் பட்டம் எடுப்பதில் குறைவு ஒன்றும் இல்லை. அந்த முடிவை மகள் எடுக்கட்டும்.

4ஆம் ஆண்டு. ஆய்வேட்டுக்கு லேசான தலைப்பு இரண்டு மூன்று அனுப்பிவிடுங்கள். எந்தத் தலைப்பு என்றாலும் பரவாயில்லை. அடுத்த கிழமை கொடுக்க வேண்டும். (இடம் இல்லை, துறை இல்லை)

தம்பியோ தங்கச்சியோ தெரியவில்லை, துறையைக்கூட எழுதவில்லை. தலைப்பு அனுப்பமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

பொதுப் பட்டத்தையும் சிறப்புப் பட்டத்தையும் பிரிப்பது கூடுதலாக எழுதும் எட்டுப் பத்துப் பரீட்சைகள் அல்ல, இந்த ஆய்வேடுதான். சட்டகத்தின்படி சாதாரணப் பாடத்தில் ஒரு கிறெடிற் 50 மணித்தியாலம், ஆய்வில் ஒரு கிறெடிற் குறைந்தது 100 மணித்தியாலம். உங்கள் ஆய்வேடு 6 கிறெடிற் என்றால் 600 மணித்தியாலம். 'எது என்றாலும் பரவாயில்லை' என்ற ஒன்றோடு 600 மணித்தியாலம் இருக்க எந்த மனிதராலும் முடியாது. முடியாதபோதுதான் பழைய ஆய்வேட்டைத் தேடிப் போகிறார்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, அதே வினாக்கொத்தை, அதே முடிவுரையை வைத்துக் கொண்டுவந்த ஆய்வேட்டை நான் கையில் வாங்கியிருக்கிறேன். நல்லூர் என்று இருந்ததை எல்லாம் வேறு ஊராக்கிய பிள்ளை, ஓர் அட்டவணையின் தலைப்பில் மட்டும் மாற்ற மறந்திருந்தது. அன்று எனக்குக் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் வந்தது. கெட்டிக்காரப் பிள்ளை. தன் ஊரைப் பற்றி எழுத அந்தப் பிள்ளைக்கு எவ்வளவோ இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தலைப்பு இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இறங்கும் உரத்தால் கிணறுகளில் ஏறும் நைத்திரேற்று இருக்கிறது. சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கலந்த கிணறுகளை நம்பி இருந்த வீடுகள் தண்ணீருக்கு என்ன செய்தன என்று கேட்கலாம். வலிகாமம் வடக்கில் இருபது முப்பது வருசம் கழித்துக் காணிக்குத் திரும்பியவர்கள் வேலியையும் எல்லையையும் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? உங்கள் அம்மம்மாவிடம் இருக்கும் பனையோலை வேலைச் சொற்களை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? 1981இல் பொது நூலகம் எரிந்த ஊர் இது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் பழைய பத்திரிகைகளும் மலர்களும் கைபேசியிலேயே திறக்கின்றன. அதில் ஒரு பின்னேரம் இருந்து பாருங்கள். ஒரு கேள்வியாவது வரும்.

அடுத்த கிழமைக்குள் செய்ய வேண்டியது இதுதான். உங்களுக்கு உண்மையாகவே விடை தெரிய வேண்டும் என்று தோன்றும் ஒரு கேள்வியை ஒரே வசனத்தில் எழுதுங்கள். அதற்கு யாரிடம், எங்கே தரவு எடுப்பீர்கள் என்று இன்னொரு வசனம். அந்த இரண்டு வசனத்தோடு மேற்பார்வையாளரைச் சந்தியுங்கள். வெறும் கையோடு போய் 'தலைப்புத் தாருங்கள் சேர்' என்று நிற்க வேண்டாம். அவர் திருத்தித் தருவதை எழுத்தில் வாங்குங்கள். 3ஆம் ஆண்டில் இருப்பவர்கள் இதை இப்போதே தொடங்குங்கள்.

பரீட்சை நேரம் டெங்கு. மெடிக்கல் சான்றிதழைப் பிறகு கொடுக்கலாமா? (பருத்தித்துறை)

பிறகு என்று ஒன்று இல்லை. எத்தனை நாளுக்குள் என்று கைநூலில் எண் போட்டு இருக்கிறது. நீங்கள் எழும்ப முடியாவிட்டால் வீட்டில் ஒருவரை அனுப்புங்கள், கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். மெடிக்கல் ஏற்கப்பட்டால் அடுத்த தடவை எழுதுவது முதல் தடவையாகக் கணக்கில் வரும். ஏற்கப்படாவிட்டால் ரிப்பீற். வித்தியாசம் எவ்வளவு என்று மேலே சொல்லிவிட்டேன்.

கனடாவில் அக்காவின் மகன் 20 கிறெடிற்றில் ஹொனர்ஸ் முடிக்கிறார், எனக்கு 120. லண்டனில் 360 என்கிறார்கள். அமெரிக்காவில் படிக்கும் மச்சாள் 'ஹொனர்ஸ் புரோகிராம்' என்கிறாள். எது பெரியது? (மானிப்பாய்)

எண்ணை எண்ணோடு ஒப்பிட வேண்டாம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஒரு முழு வருசப் பாடம் 1 கிறெடிற், அதனால் நான்கு வருசத்துக்கு 20. இங்கிலாந்தில் ஒரு கிறெடிற் 10 மணித்தியாலம், அங்கே மூன்று வருசத்துக்கு 360. எங்கள் ஒன்று அவர்களின் ஐந்துக்குச் சமம். மச்சாளுடையது வேறு சங்கதி. அமெரிக்காவில் பட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். நல்ல பெறுபேறு உள்ளவர்கள் விரும்பினால் அதன் மேல் சேரும் தனித் திட்டம் அது. சிறிய வகுப்புகள் இருக்கும், பல இடங்களில் கடைசியில் ஆய்வேடும் இருக்கும். ஜி.பி.ஏ. 3.3, 3.5 என்று வைத்த எல்லைக்குக் கீழே போனால் திட்டத்தில் இருந்து வெளியே வரவேண்டி வரும், பட்டம் போகாது.

ஆங்கிலப் பாடம் ஜி.பி.ஏ.யில் சேராதாம். விடலாமா? (காரைநகர்)

விடக் கூடாது. கணக்கில் சேராது, ஆனால் சித்தியடையாமல் பட்டம் தரமாட்டார்கள். நான்கு வருசமும் முடித்துவிட்டு இந்த ஒரு பாடத்துக்காகப் பட்டமளிப்பைத் தவறவிட்ட பிள்ளைகளைத் தெரியும்.

சிறப்பில் சேர்ந்து ஒரு செமஸ்ரர் ஆகிறது. முடியவில்லை. பொதுவுக்கு மாறலாமா? (கொக்குவில்)

பல துறைகளில் மாறலாம், ஆனால் திகதி உண்டு. இந்தக் கிழமையே துறைத் தலைவரிடம் போங்கள். முடியவில்லை என்பது பாடத்தாலா, பஸ் செலவாலா, மனநிலையாலா என்று அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாடம் தவிர்ந்த காரணம் என்றால் மாணவர் ஆலோசகரையும் பாருங்கள். மாறுவதென்று முடிவானால் கடிதம் கொடுத்து, பிரதி ஒன்றில் திகதியோடு கையொப்பம் வாங்கி வைத்திருங்கள்.