அம்மாவுக்கு மீசை முளைத்த கதை

கேள்வி: அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் சிங்களவர். இரண்டாம் மொழித் தேர்வுக்காகத் தமிழ் பழகுகிறார். ஒருநாள் தேநீர் நேரத்தில், "அம்மா நேற்று வந்தான்" என்றார். "அம்மாவுக்கு எப்போ மீசை முளைச்சது?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். அதற்குப் பிறகு என்னோடு ஆங்கிலத்தில் மட்டுமே கதைக்கிறார். ஒரு பகிடிக்கு இவ்வளவு கோபமா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, பகிடி நல்ல பகிடிதான். வாசித்ததும் நானும் சிரித்தேன். ஆனால் அவருக்கு வந்தது கோபமாக இருக்காது, வெட்கமாகத்தான் இருக்கும். தேத்தண்ணிக் கோப்பையோடு நாலு பேர் சிரிக்கும்போது, கூடச் சேர்ந்து சிரிக்காமல் பாவம் வேறு என்ன செய்வார்?

பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல்லுக்கு ஆண், பெண் விகுதி கிடையாது. அம்மாவும் 'ஆவா', அப்பாவும் 'ஆவா', நான் வந்தாலும் 'ஆவா'. நாமோ வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று நீட்டி வைத்திருக்கிறோம். அதில் கைக்கு அகப்பட்டதை எடுத்துவிட்டார். நன்னூல் கணக்கில் இது பால் வழு. அதே நன்னூலுக்கு உரை எழுதியவர்கள், ஒருவன் தன் பசுவை ஆசையாக "என் அம்மை வந்தாள்" என்றால், வழுவமைதி, அதாவது பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை, என்று விட்டுவிடுவார்கள். பசுவுக்குக் கிடைத்த சலுகை உங்கள் மேசைக்காரருக்குக் கிடைக்கவில்லை.

என் கதையையும் கேளுங்கள். சிங்களம் பழகிய புதிதில் ஒரு வங்கிக்குப் போய், "மெனேஜர் தியெனவாத?" என்று கேட்டேன். 'தியெனவா' பொருட்களுக்கு உரியது. கடையில் பாண் இருக்கிறதா என்று அப்படித்தான் கேட்பார்கள். ஆளைக் கேட்பதென்றால் 'இன்னவா'. நமக்கு இரண்டுக்கும் 'இரு' ஒன்றுதானே, மாட்டிக்கொண்டேன். ஆளைப் பொருளாக்கிவிட்டேன், சுத்தமான திணை வழு! அங்கிருந்த பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு, "இன்னவா மிஸ், இன்னவா" என்றார். அவ்வளவுதான். அந்த 'இன்னவா' இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

நீங்களும் அப்படியே செய்யலாம். "ஓ, அம்மா நேற்றே வந்திட்டாவோ? எத்தனை நாள் நிப்பா?" என்று கேட்டால் திருத்தமும் அதற்குள்ளேயே போய்விடும். பகிடி விடாமல் இருக்க முடியாதென்றால், 'சுவரில்' என்பதைச் 'சுவற்றில்' என்று எழுதும் உங்கள் மச்சான்மார் யாரையாவது பிடியுங்கள். அவர்கள் வட்டியோடு திருப்பித் தருவார்கள், அதற்கு வேண்டிய தமிழ் அவர்களிடம் இருக்கிறது. இவரிடம் இன்னும் இல்லை.

இப்போதைக்கு, நாளை மதியச் சாப்பாட்டின்போது உங்கள் சிங்களத்தில் நடந்த கூத்து ஒன்றை அவருக்குச் சொல்லுங்கள், சிங்களத்திலேயே. நடுவில் நாலு இடத்தில் அவர் உங்களைத் திருத்துவார். திருத்தட்டும்.

இன்னொன்று. அடுத்த முறை "தாத்தா வந்தான்" என்று சொன்னாரென்றால், வந்தவர் அவருடைய அப்பா. சிங்களத்தில் அப்பாவைத்தான் 'தாத்தா' என்பார்கள். கிழவர் இந்த வயதிலும் பஸ் ஏறி வாறாரோ என்று கேட்டு வைக்காதீர்கள்.