பித்தப்பைக் கல் குடலை அடைப்பது எப்படி? கோத்தகிரி மருத்துவரிடம் கேள்விகள்

கோத்தகிரி வாசகி: என் மாமியாருக்கு 72 வயது, பித்தப்பையில் பெரிய கல் இருக்கிறது. அது குடலுக்குள் போய் அடைத்துக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா டாக்டர்?

பதில்: உண்மைதான் அம்மா, ஆனால் மிக அரிது. பெரிய கல் குறுகலான பித்தநாளத்தின் வழியே இறங்குவதில்லை. அடிக்கடி அழற்சி கண்ட பித்தப்பை முன்சிறுகுடலோடு ஒட்டிக்கொள்ள, கல்லின் அழுத்தத்தால் இரண்டின் சுவரும் அரித்துத் துளை விழுகிறது. கல் அந்தத் துளை வழியாகவே குடலுக்குள் விழுகிறது. சிறிய கல் மலத்தோடு போய்விடும். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட, அதாவது நெல்லிக்காய் அளவுள்ள கல், பெரும்பாலும் சிறுகுடல் பெருங்குடலைச் சேரும் குறுகலான கடைப்பகுதியில் சிக்குகிறது.

குன்னூர் வாசகர்: என் பெரியம்மாவுக்கு வயிற்றுவலி விட்டுவிட்டு வந்தது. மறுநாள் குறைந்ததால், வாயு என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தோம். அன்றிரவே பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தார். தவறு செய்துவிட்டோமா?

பதில்: வாயு என்று நினைத்ததில் தவறில்லை, மருத்துவர்களே இதில் ஏமாறுவதுண்டு. கல் ஓரிடத்தில் சிக்கி, நழுவி, மீண்டும் வேறோர் இடத்தில் சிக்குவதால், வலி தணிவது பல நேரம் கல் நகர்ந்ததற்கான அடையாளமே தவிர, குணமானதற்கான அடையாளம் அன்று. ஆனால் அடைபட்ட குடலுக்குப் பேதி மருந்து கொடுக்கவே கூடாது. வயிறு உப்பி, வாயுவும் பிரியாமல், வாந்தி நிற்காவிட்டால், வாய்வழி எதுவும் கொடுக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மலைப்பாதையில் 33 கிலோமீட்டர். அறுவை மருத்துவர் இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

மஞ்சூர் வாசகர்: இந்த அடைப்பைக் கண்டறிய எக்ஸ்ரே போதாதா?

பதில்: பித்தக்கற்களில் பல எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. பித்தநாளத்தில் காற்று, வீங்கிய சிறுகுடல், இடம் மாறிய கல் ஆகிய மூன்று அடையாளங்களை 1941இல் ரிக்லர் என்ற கதிரியக்க மருத்துவர் குறித்தார். இன்று அவற்றை சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டுகிறது.

கூடலூர் வாசகி: அடைப்பை நீக்க அறுவை செய்யும்போதே பித்தப்பையையும் எடுத்துவிடலாமே?

பதில்: எல்லோருக்கும் அது பொருந்தாது. அடைப்புக்குச் சற்று மேலே குடலைத் திறந்து கல்லை எடுத்து, வேறு கல் உள்ளதா என்று குடல் முழுவதையும் தடவிப் பார்ப்பதே முதல் வேலை. நீர்ச்சத்து வற்றித் தளர்ந்து வந்த முதியவருக்குப் பித்தப்பையை அப்படியே விட்டுவைக்கும் மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

கோத்தகிரி வாசகி: அப்படியானால் என் மாமியாருக்கு இப்போதே அறுவை வேண்டுமா?

பதில்: வலி தராத கல்லுக்குப் பொதுவாக வேண்டியதில்லை. கல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மட்டும் அறுவை மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். அந்தப் பழைய ஸ்கேன் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். வாந்தியோடு நள்ளிரவில் போய் நிற்கும்போது, பணியிலிருக்கும் மருத்துவருக்குக் கல்லின் நினைவு வர அந்த ஒரு தாள் போதும்.